கோவில் பாட்டைக் காத்த வீடுகள்

முருங்கன், நானாட்டான், அடம்பன் என்று மன்னார்ப் பெருநிலப்பரப்பில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், அங்குள்ள கோவிலில் நெடுங்காலம் பாட்டு நடத்திய ஒருவர் இருப்பார், அல்லது இருந்திருப்பார். அவர் காலமானதும் அடக்கத் திருப்பலியில் ஓர் உரை, முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர். இரண்டிலும் இரண்டு புகழ்மொழிகள் அடுத்தடுத்து நிற்கும்: இறைபணிக்குத் தம்மைக் கொடுத்த இசைஞர், மனைவி மக்களைக் கண்ணாகக் காத்த குடும்பத் தலைவர். முதலாவது கோவிலைச் சேர்ந்தது, இரண்டாவது வீட்டைச் சேர்ந்தது என்று நாமும் பிரித்து வாசித்துவிடுகிறோம். அப்படிப் பிரிப்பது பிழை என்பதே என் வாதம். மன்னார்க் கரையில் கோவில் இசை இன்றுவரை உயிரோடு வந்திருப்பது வீடுகள் வழியாகத்தான். ஆகவே ஒரு கோவில் இசைஞரை நினைவுகூர்வது என்றால், அவர் வீட்டில் அந்த இசை எப்படி வாழ்ந்தது, யாருடைய உழைப்பில் வாழ்ந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். புகழை மட்டும் எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால், மனிதரோடு சேர்த்து இசையையும் அடக்கம் செய்துவிடுகிறோம்.

இந்த மனிதரின் வேலை எவ்வளவு பெரியது என்பது கோவிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்களும் பலவேளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வருகைப் பாடல் முதல் நன்றிப் பாடல்வரை தெரிவுசெய்து குழுவைப் பழக்க வேண்டும். தவக்காலத்தில் சிலுவைப்பாதையும் வியாகுலப் பிரசங்கமும். பெரிய கிழமையில் நாளுக்கொரு வழிபாடு. திருநாளுக்குக் கொடியேற்றம் தொடங்கி நவநாள் முழுவதும். மார்கழியில் ஒளிவிழாவும் நத்தாரும். இடையிடையே கலியாணமும் அடக்கமும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் ஊரில், விதைப்பும் அரிவுவெட்டும் இந்த நாட்களுக்காகக் காத்திருப்பதில்லை. வயலோ, பள்ளிக்கூடமோ, கடையோ பார்த்துவிட்டு, கூலி எதிர்பாராமல்தான் பெரும்பாலானோர் இதைச் செய்கிறார்கள். வேலையின் நுட்பத்தைக் காட்ட ஒரே ஒரு காரியம் போதும். காலைப் பூசையில் சனங்களின் தொண்டை திறந்திருக்காது. ஒலிநாடாவில் கேட்ட அதே சுதியில் பாட்டைத் தொடங்கினால், மேலே ஏறும் வரியில் இளம் பெண்களின் குரல் மட்டும் தனித்து ஒலிக்கும். ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தேர்ந்த இசைஞர் ஒரு கட்டையோ ஒன்றரைக் கட்டையோ இறக்கித்தான் கார்மோனியத்தைப் பிடிப்பார். செத்த வீட்டில் இன்னும் இறக்குவார். அழுது தொண்டை அடைத்தவரும் அங்கே சேர்ந்து பாட வேண்டும். எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இந்த அறிவு அச்சாகவில்லை.

அவருடைய பாட்டுக் கொப்பியைத் திறந்து பார்த்தாலும் இதே உண்மைதான் தெரியும். அதில் சுரம் எழுதியிருக்காது. பாட்டின் தலைப்பில் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு குறிப்பு. இருமுறை பாட வேண்டிய வரியின் ஓரத்தில் ஓர் இலக்கம். மூச்செடுக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு. எழுதியவருக்கு அது போதும். மெட்டு அவர் மனதில் இருக்கிறது, கொப்பி நினைவூட்டினால் சரி. ஆனால் குறிப்பிலுள்ள மூலப் பாட்டைப் பாடத் தெரிந்த கடைசி ஆளும் போய்விட்டால், அந்தப் பக்கத்தில் மிஞ்சுவது வெறும் சொல். அந்த மெட்டு இன்னும் யாரிடம் இருக்கும் என்று தேடினால், பெரும்பாலும் அவர் வீட்டில்தான் இருக்கும். மாலை வேளையில் அவர் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்ததை அடுப்படியில் இருந்து கேட்ட மனைவியிடமும், படிப்பு மேசையில் இருந்து கேட்ட பிள்ளைகளிடமும் அது தங்கியிருக்கும். குழுவில் பாடியவர்கள் தங்கள் பகுதியை மட்டும் அறிவார்கள். முழுப் பாட்டும், அது பிறந்த சூழலும், திருத்திய இடங்களும் வீட்டாருக்குத்தான் தெரியும்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததன்று. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள்; குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனதாகத்தான் மடுத் திருத்தலத்தின் வரலாறு தொடங்குகிறது. கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது வருடம், இந்தச் சனங்களோடு நிலையாகத் தங்கிய குருவானவர் இல்லை. வந்தவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டு, அதைப் பார்த்து முகம் மாறியவர்களைக் கொண்டே கத்தோலிக்க வீடுகளைக் கண்டுபிடித்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அவர் தேடிப் போனது வீடுகளைத்தான். பீடமும் கோபுரமும் பறிபோன காலத்தில் வேதத்தைத் தாங்கியவர்கள் மூப்பர்களும் தாய் தகப்பன்மாருமே. குரு இல்லாத ஊரில் பிரசங்கம் நின்றுபோகும், பூசை நின்றுபோகும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த செபமும் பாட்டும் நிற்பதில்லை.

யோசப் வாஸ் அடிகளாருக்குப் பின், 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் இந்த உண்மையை நன்றாகப் புரிந்துகொண்டவர். தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் எழுதினார், 1742இல் இறந்தார். இயேசுவின் பாடுகளைப் புலம்பலாகச் சொல்லும் அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் மன்னார்க் கோவில்களில் இன்றும் ஒலிக்கிறது. அதன் சொல் அச்சில் இருக்கிறது. இராகம் அச்சில் இல்லை. கேட்டவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு அது முந்நூறு வருடம் பயணம் செய்திருக்கிறது. கத்தோலிக்கக் கூத்தின் கதையும் இப்படித்தான். வடபாங்கு, தென்பாங்கு என இரு பாங்கில் ஆடப்படும் மன்னார் நாடகங்களில் என்றீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகியவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தார். அதுவரை அவை கூத்தைப் பழக்கும் அண்ணாவிமார் கையில் ஏடாகவும் கொப்பியாகவும் இருந்து பிழைத்தவை. முருங்கனிலேயே ‘குழந்தை’ என்று எல்லோரும் அறிந்த செபமாலை மாஸ்டர், முருங்கன் முத்தமிழ்க் கலாமன்றத்தின் வழியாகக் கூத்தை மேடைக்கும் அச்சுக்கும் கொண்டுவந்தார். அண்ணாவிமார் தம் கொப்பிகளைத் திறந்து கொடுத்திராவிட்டால் நமக்கு இன்று பெயர்கள்கூட மிஞ்சியிராது.

இந்தக் கரையைத் தாண்டிப் பார்த்தாலும் வாதம் உறுதிப்படுகிறது. தமிழ்க் கிறிஸ்தவ இசையில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் தஞ்சையில் வளர்ந்து, 1864இல் தொண்ணூறை எட்டும் வயதில் மறைந்தவர். பெத்லகேம் குறவஞ்சியையும் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளையும் இயற்றி, வெள்ளைக்காரக் குருமார் கொண்டுவந்த மொழிபெயர்ப்புப் பாட்டுகளுக்கு நடுவில் தமிழ் இராகத்துக்கும் தாளத்துக்கும் வழிபாட்டில் இடம் வாங்கிக் கொடுத்தார். அவர் காலத்திலேயே மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் ஒரு கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. அந்த அச்சுதான் பாட்டுகளை ஊரெங்கும் பரப்பியது. ஆனால் அவற்றைக் கதாகாலட்சேபமாகப் பாடும் முறையையும், கைப்பிரதிகளையும், வாழ்க்கை வரலாற்றையும் காத்தவர்கள் அவர் பிள்ளைகளும் பேரர்களுமே. தலைமுறை தலைமுறையாகச் சாஸ்திரியார் என்ற பெயரையும் பாடும் கடமையையும் அந்தக் குடும்பம் சேர்த்தே ஏற்று வந்திருக்கிறது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் அப்படித்தான். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய அந்த மருத்துவர் தமிழிசை ஆராய்ச்சியான கருணாமிர்த சாகரத்தை 1917இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய வருடம் பரோடா இசை மாநாட்டில் அவர் சொன்ன சுருதிக் கணக்கைப் பாடிக் காட்டியவர்கள் அவருடைய பெண்மக்கள். 1919இல் அவர் மறைந்தபின், இரண்டாம் பாகம் 1946இல் வெளிவந்ததும் குடும்பத்தின் முயற்சியால்தான்.

குடும்பம் காத்தால் என்ன நடக்கும், கைவிட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் ஒரே வீட்டில் காட்டுவது செர்மனியின் யோகான் செபஸ்தியான் பாக் அவர்களின் வரலாறு. 1723 முதல் 1750இல் இறக்கும்வரை லைப்சிக் நகரில் கோவில் இசைக்குப் பொறுப்பாக இருந்தார். இருபது பிள்ளைகள் பிறந்து பத்துப் பேர் வளர்ந்த அந்த வீட்டில், ஞாயிறு வழிபாட்டுக்குப் புதிய இசை வேண்டும் என்றால் பிரதி எடுப்பது வீட்டு வேலைகளில் ஒன்று. மனைவி அன்னா மக்தலேனாவும் பிள்ளைகளும் மாணவர்களும் உட்கார்ந்து எழுதினார்கள். தன் குடும்பத்தைக் கொண்டே ஓர் இசைக்குழு நடத்தலாம் என்று 1730இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பாக் பெருமையோடு சொல்கிறார். அவர் இறந்ததும் கைப்பிரதிகள் பங்கு பிரிக்கப்பட்டன. கார்ல் பிலிப் இம்மானுவேல் என்ற மகன் தன் பங்கைப் பேணினார். அது பெரும்பாலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. மூத்தவர் வில்கெல்ம் பிரீடெமானுக்குப் போன பங்கு வறுமையில் விற்றும் சிதறியும் போயிற்று. ஐந்து வருடச் சுற்றுக்கான கோவில் இசை இருந்ததாக 1754இல் அச்சான இரங்கல் குறிப்பு சொல்கிறது. இன்று கையில் இருப்பது ஏறத்தாழ இருநூறு படைப்புகள், மூன்று வருடத்துக்குச் சற்று மேல். மத்தேயு பாடுகளின் இசையை 1829இல் மெண்டல்சோன் மீண்டும் அரங்கேற்றி உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தபோதும், அவர் கையில் இருந்த படியைப் பெற்றுக் கொடுத்தவர் அவருடைய பாட்டியார். உலகம் கொண்டாடும் மேதையின் இசையே ஒரு மகனின் பொறுப்பிலும் ஒரு பாட்டியின் அன்பிலும் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், முருங்கன் பக்கத்துக் கொப்பிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு பக்தியிலிருந்து வருகிறது. கோவில் பாட்டு கடவுளுக்கானது. பாடியவரைப் போற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது தாழ்மைக்கு முரண் அல்லவா, நல்ல இசைஞர் தம் பெயரையே விரும்பமாட்டாரே என்பார்கள். இந்த எண்ணத்தில் உயர்ந்த உணர்வு இருக்கிறது. ஆனால் தாழ்மை என்பது இசைஞர் தம்மைப் பற்றிக் கொள்ள வேண்டிய குணம். அவரிடமிருந்து பெற்றுக்கொண்ட சமூகத்துக்கு உரிய கடமை நன்றி. அவர் தம் பெயரை மறைத்தார் என்பதற்காக நாம் அவருடைய மெட்டை மறந்துவிடலாம் என்று ஆகாது. மேலும் பெயர் இல்லாத மெட்டுக்குக் காவலில்லை. யார் கட்டியது, எந்தத் திருநாளுக்குக் கட்டியது, எந்த இராகம் என்ற குறிப்பு இருந்தால்தான் பின்னால் வருபவர் அதைக் கெடுக்காமல் பாடவும், மாற்றினால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றவும் முடியும்.

இரண்டாவது மறுப்பு காலத்திலிருந்து வருகிறது. எல்லாப் பாட்டும் கைத்தொலைபேசியில் இருக்கிறது; கீபோர்டில் தாளத்தை அழுத்தினால் போதும்; தமிழ்நாட்டிலிருந்து வருடாவருடம் புதுப் பாட்டு வருகிறது; இன்னும் ஏன் பழைய கொப்பி என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானது. அந்தப் பாட்டுகளில் நல்லவை பல உண்டு, பாடட்டும். ஆனால் பதிவுசெய்த இசை சனங்களுக்காகக் காத்திருக்காது. மூச்சு வாங்கும் முதியவருக்காக ஒரு தாளம் நிற்காது, தொண்டை அடைத்த வீட்டில் சுதியை இறக்காது. திருச்சபையும் உள்ளூர் இசை தேவையில்லை என்று சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, தமக்கென இசை மரபு உள்ள மக்களின் இசைக்கு உரிய மதிப்பும் வழிபாட்டில் பொருத்தமான இடமும் கொடுக்கச் சொல்கிறது. தமிழிசை பொதுவாக இதில் அடங்கும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மன்னாருக்கு அதற்கென்று ஒரு புலம்பலும் ஒரு கூத்துப் பாங்கும் இருக்கின்றன. அவற்றைச் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து யாரும் நமக்கு அனுப்பப்போவதில்லை. கைத்தொலைபேசியை இதற்கு எதிரியாகவும் கருத வேண்டாம். ஒரு முதியவரின் குரலைப் பதிவுசெய்ய அதைவிட எளிய கருவி முன்பு இருந்ததில்லை.

மூன்றாவது மறுப்பை வீட்டில் இருப்பவர்களே சொல்வார்கள், அதுதான் கனமானது. மாலைதோறும் பயிற்சி, திருநாள்தோறும் இரவு, பெரிய கிழமையில் முழு நாளும் கோவில் என்று போனவரை நல்ல குடும்பத் தலைவர் என்று எப்படிச் சொல்வது? அவர் பாடிக்கொண்டிருந்தபோது பிள்ளையின் காய்ச்சலைப் பார்த்தது யார், வயலுக்குத் தண்ணீர் திருப்பியது யார், இரவு பயிற்சி முடித்து வந்த குழுவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றியது யார்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் நினைவுரை உண்மையானது அல்ல. கோவிலுக்கு ஒருவர் கொடுத்த நேரத்தில் ஒரு பகுதி அவருடைய மனைவி கொடுத்த நேரம். ஆகவே விடை, அவரைப் பற்றிக் குறைத்து எழுதுவதில் இல்லை. அவரோடு சேர்த்து மனைவியையும் எழுதுவதில் இருக்கிறது. அன்னா மக்தலேனாவின் கையெழுத்தை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு சொன்னதால்தான் பாக் வீட்டு இசையில் அவருடைய பங்கு உலகத்துக்குத் தெரிந்தது. நம் நினைவு மலர்களில் மனைவியின் பெயர் துயருறும் குடும்பத்தார் பட்டியலோடு நின்றுவிடுகிறது. அவர் நினைவில் வைத்திருக்கும் பாட்டுகளின் பட்டியல் அங்கே இருக்க வேண்டும்.

நான்காவது மறுப்பையும் மறைக்கக் கூடாது. குடும்பத்தின் கையில் இருப்பது குடும்பத்தோடு முடங்கவும் கூடும். கொப்பியை வெளியே கொடுக்க மறுக்கும் வீடுகள் உண்டு. பெண்களுக்கு அண்ணாவியார் இடத்தைக் கொடுக்காத வழக்கம் நெடுங்காலம் இருந்தது. சாதி பார்த்துக் கலையைப் பங்கிட்ட வரலாறும் உண்டு. வேதநாயக சாஸ்திரியாரே தஞ்சைச் சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்ற குருமாரை எதிர்த்து எழுதியவர். அவருடைய இசையை மதிப்பவர்கள் இந்த உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நினைவுகூர்தல் என்பது வெள்ளையடிப்பது அல்ல. ஆனால் இந்தக் குறைக்கு மருந்து, வீட்டைப் புறக்கணிப்பதில் இல்லை. வீட்டில் இருப்பதைப் படியெடுத்து ஊருக்குப் பொதுவாக்குவதில் இருக்கிறது. சாஸ்திரியாரின் பாட்டு வீட்டை விட்டுத் தொகுப்புக்குள் வந்ததும் எல்லாச் சனங்களுடையதும் ஆயிற்று. அவருடைய சாதிக் கருத்தை ஏற்காதவர்களும் அவற்றை உரிமையோடு பாடினார்கள். வீடு காத்ததை ஊர் வாங்கிக்கொள்ளும் அந்தக் கட்டம் மன்னாரில் இன்னும் முழுமையாக நடக்கவில்லை.

இது இனியும் தள்ளிப்போட முடியாத வேலை. போர்க்காலத்தில் இந்தச் சனங்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தார்கள். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபமே திருத்தலத்தை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போக வேண்டியதாயிற்று. பிள்ளையையும் அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பாட்டுக் கொப்பியைத் தேடி எடுத்திருக்க முடியாது. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி இப்போது முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் கேட்டு வளர்வது என்ற பழைய வழி அறுந்துகொண்டிருக்கும்போது, அதன் இடத்தில் வேறொரு வழியை நாமாகவே ஏற்படுத்த வேண்டும்.

வழி கையருகிலேயே இருக்கிறது: நினைவு மலர். ஈழத்தமிழர் வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு புத்தகம் அச்சாவது வழக்கம்; அதற்குப் பணமும் மனமும் நேரமும் ஒதுக்குகிறோம். இசைஞர் ஒருவரின் மலரில் அவர் பயன்படுத்திய பாட்டுகளின் பட்டியல் வரட்டும். அவர் கட்டிய மெட்டுகளின் இராகமும் தாளமும் வரட்டும். கொப்பியின் முக்கியமான பக்கங்கள் படமாக வரட்டும். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், அவரிடம் கற்றவர், வீட்டைத் தாங்கிய மனைவி ஆகியோரின் பங்கு பெயரோடு வரட்டும். பாட்டுகளைத் தெரிந்த வீட்டார் பாட, அதைப் பதிவுசெய்து பங்குக் கோவிலில் ஒரு பிரதியும் வீட்டில் ஒரு பிரதியும் வைக்கலாம். இலங்கைத் தமிழ் நூல்களையும் நினைவு மலர்களையும் மின்வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு மூன்றாவது பிரதியைக் கொடுக்கலாம். இதைவிட நல்லது, அவர் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலையைச் செய்து முடிப்பது. சுதி எங்கே இறக்க வேண்டும், மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை அவரே சொல்லட்டும். பிழையிருந்தால் அவரே திருத்தட்டும்.

ஒல்லாந்தர் காலத்துச் சனங்களுக்கு அச்சு இல்லை, ஒலிப்பதிவு இல்லை, பகிரங்கமாகப் பாடும் உரிமைகூட இல்லை; ஆனாலும் தங்களுக்குக் கிடைத்ததைத் தங்கள் பிள்ளைகளிடம் சேர்த்தார்கள். நமக்கு இவை எல்லாம் இருக்கின்றன. முருங்கனில் அடுத்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் குடும்பம், படங்களுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒதுக்கும் பக்கங்களில் நான்கைந்தைப் பாட்டுக்கு ஒதுக்கினால், பக்தியுள்ள இசைஞர், நல்ல குடும்பத் தலைவர் என்ற இரண்டு புகழ்மொழிகளும் அந்தப் பக்கங்களில் ஒன்றாகி மெய்ப்படும்.